கட்டாய வணக்கமும் சமூக ஒற்றுமையும்

ஜனநாயக நாட்டில் வாழும் ஒருவன் தன் சுதந்திரத்தைக் குறித்து அஞ்ச வேண்டிய காரணம் உண்டா? "இல்லை" என்பதே நம்மவரிற் பலர் உடனே கூறும் விடை. அரசன் ஆண்ட காலத்தில் அஞ்சினோம். அன்னியன் ஆண்ட காலத்தில் அஞ்சினோம். இப்பொழுது ஆளுவோர் நாமே வாக்களித்து அனுப்பியவர்கள் அல்லரோ? நம்மை நாமே ஒடுக்கிக் கொள்வோமோ? என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நேர்மையானதே. ஆனால் அதில் ஒரு சிறு சொல் ஒளிந்து நின்று நம்மை ஏமாற்றுகின்றது. "நாம்" என்னும் சொல்லே அது. வாக்களித்து வென்ற "நாம்" பெரும்பான்மையோர். ஒடுக்கப்படும் "நாம்" சிறுபான்மையோர். சில வேளைகளில் ஒரே ஒரு மனிதன். இவ்விரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பதனாலேயே நடக்கும் தீங்கு கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது.

இதனை முதலிற் கண்டவர்கள் ஜனநாயகத்தின் பகைவர்கள் அல்லர், அதன் நண்பர்களே. பிரெஞ்சு தேசத்து அறிஞர் தொக்குவில் 1831ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று அந்நாட்டைச் சுற்றிப் பார்த்தார். 1835இல் அவர் வெளியிட்ட நூலில், பெரும்பான்மையோரின் கொடுங்கோன்மை என்பதொன்று உண்டென்றும், அது உடலை விட்டுவிட்டு உள்ளத்தைச் சிறையிடுமென்றும் எச்சரித்தார். இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திர நூலில், சட்டத்தின் ஒடுக்குமுறையினும் சமூகத்தின் ஒடுக்குமுறையே மிகுதியும் தப்ப முடியாதது என்று விளக்கினார். சட்டத்திலிருந்து வீட்டுக்குள் ஓடி ஒளியலாம்; அண்டை வீட்டாரின் பார்வையிலிருந்து எங்கே ஓடி ஒளிவது?

நிற்க. மறுபக்கத்தாரின் அச்சத்தையும் நாம் தள்ளிவிடலாகாது. "ஒவ்வொருவனும் என் மனம், என் வழி என்று போய்விட்டால் சமூகம் அவிழ்த்துக் கொட்டிய நெல்லிக்காய் மூட்டையாகிவிடுமே! கட்டிவைக்க ஒரு கயிறு வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும், அதில் ஐயமில்லை. அக்கயிறு எது என்பதே கேள்வி. இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதினும் நடந்த ஒன்றை எடுத்து ஆராய்வது நலம். உலகப் போர் மூண்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் நடந்த கொடி வணக்க வழக்கு இதற்கென்றே அமைந்தது போன்றது.

இரு சிறுவர்கள்

பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு சிறு பட்டணம். அங்குள்ள பள்ளியில் மாணவர் யாவரும் தேசக் கொடிக்கு முன் நின்று, வலக்கையை நீட்டி, விசுவாசப் பிரமாணம் சொல்வது வழக்கம். 1935ஆம் ஆண்டில் லில்லியன் என்னும் 12 வயதுச் சிறுமியும், வில்லியம் என்னும் 10 வயதுடைய அவள் தம்பியும் இவ்வணக்கத்தைச் செய்ய மறுத்தனர். அவர்கள் குடும்பம் "யெகோவாவின் சாட்சிகள்" என்னும் சிறு கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தது. கடவுளையன்றி எந்தச் சின்னத்தையும் வணங்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. சிறுவன் தன் கையாலேயே பள்ளிக் குழுவினருக்குக் கடிதம் எழுதித் தன் காரணங்களைத் தெரிவித்தான். தேசத்தின் மீது தனக்கு அன்பு உண்டென்றும், கடவுளின் கட்டளையை மீற இயலாதென்றும் கூறினான். குழுவினர் இருவரையும் பள்ளியினின்று நீக்கினர். தந்தை வழக்காடினார். கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் சிறுவர் பக்கமே தீர்ப்பளித்தன. பள்ளிக் குழுவினர் விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது.

அச்சிறுவர்களின் சமயக் கொள்கை அறிவுக்குப் பொருந்துமா என்று வாசகர் சிலர் கேட்கக் கூடும். பொருந்துமென்று நாம் வாதிக்க வரவில்லை. நமக்குப் பிடித்த கருத்துடையவனுக்குச் சுதந்திரம் தருவது அரிய காரியமன்று. கொடியவனும் தன் நண்பனுக்கு அதனைத் தருவான். நமக்குச் சற்றும் பிடிக்காத கருத்துடையவன் நம்மிடையே அச்சமின்றி நடமாட முடிகின்றதா என்பதே உரைகல்.

நீதிபதியின் வாதம்

1940ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கம். ஒருவர் மட்டும் சிறுவர் பக்கம். தீர்ப்பை எழுதியவர் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். அவர் கொடுமனம் படைத்தவர் அல்லர். வியன்னா நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 12 வயதில் அமெரிக்கா வந்து குடியேறியவர். குடியுரிமைகளுக்காகப் பல காலம் போராடியவர். ஆதலின் அவர் வாதத்தை நாம் மரியாதையுடன் செவிமடுக்க வேண்டும்.

அவர் கூறியவற்றின் சாரம் இது: தேசத்தின் பாதுகாப்புக்கு அடிப்படை தேசத்தின் ஒற்றுமை. அவ்வொற்றுமை பொதுவான உணர்ச்சியினின்று பிறப்பது. அவ்வுணர்ச்சியைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு செல்பவை கொடி போன்ற சின்னங்கள். இளம் உள்ளங்களில் அவ்வுணர்ச்சியை ஊட்டுவதற்குக் கொடி வணக்கம் ஏற்ற வழியா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் மக்களின் பிரதிநிதிகள், நீதிபதிகள் அல்லர். சட்டம் தவறென்று கருதுவோர் மக்களிடம் சென்று வாதித்து அதனை மாற்றிக் கொள்ளட்டும். அதுவே ஜனநாயக முறை.

இவ்வாதம் வலிமையற்றதன்று. அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஹிட்லரின் சேனை பிரான்சுக்குள் புகுந்துவிட்டது. டன்கர்க் துறையிலிருந்து ஆங்கிலப் படை கப்பலேறித் தப்பிக் கொண்டிருந்தது. வீட்டுக்கு வெளியே தீ எரியும்பொழுது வீட்டினுள் ஒருவன் மட்டும் விலகி நிற்பதைக் கண்டாற் சினம் வருவது மனித இயல்பே.

ஆனால் இரண்டு கேள்விகளுக்கு அவ்வாதத்தில் விடை இல்லை. அரை டஜன் குடும்பத்தார் ஒரு பட்டணத்தாரிடம் சென்று வாதித்துச் சட்டத்தை மாற்றிக் கொள்வது எங்ஙனம்? எண்ணிக்கையால் வெல்ல முடியாதவனை எண்ணிக்கையிடமே முறையிடச் சொல்வது, பூனையிடம் பாலுக்குக் காவல் கேட்கச் சொல்வதாகும். இஃது ஒன்று. மனம் ஒப்பாமல் நீட்டிய கையினால் தேசத்திற்குக் கிடைப்பது என்ன? இஃது இரண்டாவது. எதிர்த்து நின்ற ஒரே நீதிபதி ஹார்லன் ஸ்டோன் இவ்விரண்டாம் கேள்வியையே பற்றிக் கொண்டார். தேசபக்தியைக் கற்பிக்கும் உரிமை சர்க்காருக்கு உண்டு; நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்ல வைக்கும் உரிமை இல்லை என்பது அவர் கருத்து.

தெருவில் நடந்தது

ஒற்றுமைக்காக அளிக்கப்பட்ட அத்தீர்ப்பினால் ஒற்றுமை விளைந்ததா? நடந்ததைப் பாருங்கள். ஒரு வாரத்திற்குள் மெய்ன் மாநிலத்துக் கென்னபங்க் என்னுமிடத்தில் ஒரு கூட்டம் சாட்சிகளின் மன்றத்தைத் தீயிட்டுக் கொளுத்தியது. இல்லினாய் மாநிலத்து லிச்பீல்டு ஊரில் ஏறக்குறைய அறுபது சாட்சிகளை ஊராரே திரண்டு தாக்கினர். அவர்களைக் காப்பதற்காகவே சிறையில் அடைத்துவைக்க வேண்டியதாயிற்று. மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ரிச்வுட் ஊரில், சட்டத்தைக் காக்க வேண்டிய ஓர் அதிகாரியே முன்னின்று, அவர்களுக்கு விளக்கெண்ணெய் புகட்டி, கயிற்றாற் பிணைத்துத் தெருவழியே நடத்திச் சென்றார். விளக்கெண்ணெய் புகட்டுவது இத்தாலியில் முசோலினியின் ஆட்கள் கையாண்ட தண்டனை! பாசிசத்தை எதிர்க்கப் புறப்பட்ட தேசபக்தர்கள் அதன் போத்தலையே கையில் எடுத்தனர்.

தீர்ப்பில் "அடியுங்கள்" என்ற சொல் எங்கும் இல்லை. பள்ளிக் குழுவுக்கு அதிகாரம் உண்டென்பது மட்டுமே அதில் உண்டு. ஆனால் கூட்டத்தின் செவி வேறு வகையானது. "இவர்கள் துரோகிகள் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று ஊர்க்காவல் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளரிடம் கூறியதாக அக்காலத்துச் செய்தி ஒன்று உண்டு. மேலிருப்போர் ஒருவனைக் காக்காமல் கைவிடும்பொழுது, கீழிருப்போர் அதனை அடிப்பதற்கு அளித்த உத்தரவாகவே கொள்கின்றனர்.

இன்னொரு கொடுமையும் உண்டு. சாட்சிகள் ஜெர்மானியரின் ஒற்றர்கள், ஐந்தாம் படையினர் என்ற வதந்தியே அக்கூட்டங்களைத் தூண்டியது. அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்தது என்ன? ஹிட்லர் வணக்கம் செலுத்த மறுத்த காரணத்தினால் அதே பிரிவினரைப் பிடித்து, சட்டையில் ஊதா நிற முக்கோணம் தைத்து, சித்திரவதைக் கூடாரங்களில் அடைத்திருந்தனர். ஒரு நாட்டில் ஹிட்லரை வணங்க மறுத்ததற்காகத் தண்டனை. மறு நாட்டில் ஹிட்லரின் ஆட்கள் என்று தண்டனை. கூட்டத்தின் பகுத்தறிவு இத்தகையது!

திருத்தம்

நல்லவேளையாக, அமெரிக்க ஜனநாயகம் தன் தவற்றைத் தானே திருத்திக் கொள்ளும் ஆற்றலை இழந்துவிடவில்லை. 1940இல் பள்ளியின் பக்கம் நின்ற நீதிபதிகளுள் மூவர், 1942இல் வேறொரு வழக்கில், அத்தீர்ப்பு தவறென்று பகிரங்கமாக அறிவித்தனர். நீட்டிய கை நாஜிகளின் வணக்கத்தை ஒத்திருப்பதைக் கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டுக் காங்கிரஸ், கையை நெஞ்சின்மேல் வைக்கும்படி முறையை மாற்றியது. மேற்கு வர்ஜீனியாவில் பார்னட் குடும்பத்துச் சிறுமியர் இருவர் அதே காரணத்திற்காக நீக்கப்பட்ட வழக்கில், 1943ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், சுப்ரீம் கோர்ட்டு தன் முந்திய தீர்ப்பைத் தானே தள்ளியது. ஆறு பேர் சிறுமியர் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். அந்த நாள் அமெரிக்கரின் கொடி நாள். போரும் முடிந்திருக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க.

அத்தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். கருத்து வேற்றுமையைப் பலவந்தமாக ஒழிக்கத் தொடங்குவோர் விரைவில் வேற்றுமை கொண்டோரையே ஒழிக்கத் தொடங்குவர் என்றும், கட்டாயத்தால் வரும் ஒருமை இடுகாட்டின் ஒருமை என்றும் அவர் காட்டினார். அற்பக் காரியங்களில் மட்டும் மாறுபட அனுமதிப்பது சுதந்திரத்தின் நிழலே. நெஞ்சைத் தொடும் காரியங்களிலும் மாறுபடும் உரிமையே சுதந்திரம் என்பது அவர் முடிவு. போர் முடிந்தபின் நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்களை விசாரித்தபொழுது அமெரிக்காவின் சார்பில் தலைமை வழக்குரைஞராக நின்றவரும் இவரே.

கணக்கெழுதிப் பிழைக்கும் நம் போன்றோர் கண்ணிற் படும் ஒரு சிறு செய்தி உண்டு. இவ்விரு குடும்பங்களின் பெயர்களையும் கோர்ட்டுப் பதிவேட்டில் பிழையாகவே எழுதிவிட்டனர். கோபிடாஸ் "கோபிடிஸ்" ஆயிற்று. பார்னட் "பார்னெட்டி" ஆயிற்று. இன்றளவும் சட்ட நூல்களில் பிழையே நிற்கின்றது. செக்ரோலில் ஓர் எழுத்துப் பிசகினால் ஒருவன் கூலி இன்னொருவனுக்குப் போய்விடும் என்பதை அறிந்த நமக்கு இது சிறு காரியமாகத் தோன்றவில்லை. தேசம் தன் மேல் விசுவாசம் காட்டும்படி கேட்டது; கேட்கப்பட்டவரின் பெயரைச் சரியாக எழுதவும் அதற்குப் பொறுமையில்லை.

வணக்கம் செய்தவரின் கதி

"மறுத்தவரின் கதையைச் சொன்னீர், வணங்கியிருந்தால் இத்தொல்லை ஒன்றுமில்லையே" என்று சிலர் கூறக்கூடும். வணங்கியவரின் கதையையும் கேளுங்கள்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதனைக் கொண்டு, பசிபிக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தினர் ஏறக்குறைய 1,20,000 பேர், வீடு, கடை, நிலம் யாவும் விட்டுப் பெயர்த்து முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். இன்ன குற்றம் செய்தாரென்று ஒருவரையும் தனித்தனியே விசாரிக்கவில்லை, வமிசமே குற்றமாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பள்ளியொன்றில் டோரோத்தியா லாங்கே என்னும் மாது எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. ஜப்பானிய வமிசத்துச் சிறுமிகள் நெஞ்சிற் கைவைத்துக் கொடியை நோக்கிப் பிரமாணம் சொல்லும் காட்சி அது. அவர்களும் முகாமுக்கு அனுப்பப்பட இருந்தவர்களே.

சிறுமிகள் தங்கள் பங்கைச் செய்தார்கள். கொடி தன் பங்கைச் செய்ததா? வணக்கம் என்னும் கயிறே சமூகத்தைக் கட்டுவது உண்மையானால், அக்குழந்தைகளை அக்கயிறு ஏன் காக்கவில்லை?

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒற்றுமை என்பது கீழிருப்பவன் மேலே பார்த்துச் செய்யும் வணக்கத்தில் இல்லை. பலர் சேர்ந்து ஒருவனுக்குத் தரும் காவலில் இருக்கின்றது. மூட்டைக்குள் நெல்லிக்காய்கள் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. ஆனால் ஒன்றை ஒன்று காப்பதில்லை. சாக்கு கிழிந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் உருளும். "எனக்கு ஓர் இடையூறு வந்தால், என் கருத்தை வெறுப்பவனும் எனக்காக எழுந்து நிற்பான்" என்ற நம்பிக்கை எந்த ஊரில் உண்டோ, அந்த ஊரே ஒன்றுபட்ட ஊர். இந்நம்பிக்கையைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. மாறுபட்டவனைக் காத்துக் காத்தே அதனை வளர்க்க வேண்டும். ஆகவே தனிமனித சுதந்திரமும் சமூக ஒற்றுமையும் ஒன்றுக்கொன்று பகையென்பது பொய். முன்னதைக் காக்கும் பழக்கத்தின் பெயரே பின்னது.

கோர்ட்டுகள் மட்டும் இதனைச் செய்து முடிக்கும் என்றும் நம்புவதற்கில்லை. ஜப்பானிய வமிசத்தினரின் வழக்கு 1944 டிசம்பரில் அதே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபொழுது, ஆறு பேர் சர்க்காரின் பக்கம் நின்றனர். 1940இல் சிறுவருக்காகத் தனியே நின்ற ஸ்டோன், அப்பொழுது தலைமை நீதிபதி. அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர். 1942இல் தம் தவற்றை ஒப்புக்கொண்ட மூவருள் இருவரும் அப்பக்கமே. நேற்றுத் துணிந்தவர் இன்று அஞ்சினார். நாடு பிழையை உணர்ந்து, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் நஷ்ட ஈடும் மன்னிப்பும் வழங்கச் சட்டம் செய்தது 1988இல். அதற்குள் முதியவர் பலர் மாண்டு போயினர்.

நம் நாடுகளில்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கட்டாய வணக்கம் எத்தகையது என்பதைத் தோட்டத் தமிழனுக்கு அமெரிக்கன் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டுமென்பது மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்து வழக்கம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. பட்டாளம் வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின; தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளைவிட்டு இறங்குவதால் ஒருவனுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. ஆயினும் அதற்காகவும் போராடினார்கள். ஏன்? உள்ளத்தில் இல்லாததை உடலாற் காட்டச் செய்வது கூலியைப் பறிப்பதினும் கொடிது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அன்றைய துரையும் இன்றைய தேசக் கொடியும் ஒன்றென்று நாம் கூறவில்லை. துரை அன்னியர், கொடி நம்முடையது. அதனை மனமார வணங்குவோர் மேலோரே. ஆனால் வணங்கப்படும் பொருள் உயர்ந்ததாக இருப்பதால், கட்டாயம் உயர்ந்ததாகி விடாது. பொருள் உயர உயர, அதற்குப் பொய் வணக்கம் செலுத்தச் செய்வது அதற்கே இழிவு.

பிற நாடுகளும் இவ்வினாவைச் சந்தித்துள்ளன. கேரளத்தில் 1985இல், தேசிய கீதம் இசைக்கும்பொழுது மரியாதையாக எழுந்து நின்று, பாடாமல் மட்டும் இருந்த மூன்று குழந்தைகளைப் பள்ளியினின்று நீக்கினர். 1986 ஆகஸ்டு 11ஆம் நாள் இந்திய சுப்ரீம் கோர்ட்டு அவர்களைத் திரும்பச் சேர்த்துக் கொள்ளப் பணித்து, சகிப்புத் தன்மையே நம் மரபும் அரசியல் சட்டமும் போதிப்பது என்றது. சிங்கப்பூரில் 1999இல் மேல் முறையீட்டு நீதிமன்றம், உறுதிமொழி கூறவும் தேசிய கீதம் பாடவும் மறுத்து வேலையிழந்த ஆசிரியர் ஒருவரின் வழக்கில் வேறு முடிவு கொண்டது. அச்சடங்கு சமயத்தைச் சேர்ந்ததன்று, ஆதலாற் சமயச் சுதந்திரம் அதற்குக் காவலாகாது என்றது. 1964இல் சிங்கப்பூரும், 1969இல் கோலாலம்பூரும் கண்ட வகுப்புக் கலவரங்களை எண்ணினால், பல இனத்தார் வாழும் நாடுகள் ஒற்றுமைக்காக அஞ்சுவதைக் குறை கூற மாட்டோம். அச்சம் நியாயமானது. அச்சம் எழுதிக் கொடுக்கும் மருந்து நியாயமானதா என்பதே எந்நாட்டு அறிஞரும் விடாமற் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி.

இக்காலத்துக் கூட்டம்

1940இல் கூட்டம் சேர்வதற்குத் தெருவேனும் வேண்டியிருந்தது. இக்காலத்தில் அதுவும் வேண்டாம். ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் கூட்டம் இருக்கின்றது. 2018ஆம் ஆண்டு இந்தியாவிற் பல இடங்களில், பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் மூலம் பரவி, வழிப்போக்கரான அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் அக்கம்பெனி, ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப இயலாதபடி அங்கே வரம்பு கட்டிற்று. லிச்பீல்டு ஊரில் ஓடிய வதந்திக்கும் இதற்கும் வேகத்தில் மட்டுமே வேற்றுமை.

உயிர் போகாத இடங்களிலும் தீங்கு உண்டு. ஒருவன் தன் கருத்தை எழுதுகிறான். ஒரு மணி நேரத்திற்குள் முகம் தெரியாத ஆயிரம் பேர் அவனை வைகின்றனர். மறுநாள் அவன் எழுதுவதில்லை. சட்டம் அவன் வாயை அடைக்கவில்லை. சிறை அவனைக் காணவில்லை. ஆயினும் ஒரு குரல் குறைந்தது. அக்குரல் உண்மையைச் சொல்லியிருந்தால் நஷ்டம் அவனுக்கன்று, நமக்கு.

அப்படியாயின் சுதந்திரத்திற்கு எல்லையே இல்லையோ? உண்டு. மைனர்ஸ்வில் சிறுவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். எவனுடைய கையையும் அவன் தடுக்கவில்லை. வதந்தியை அனுப்புகிறவனோ மற்றவன் உயிரோடு விளையாடுகிறான். முன்னவன் தன்னைக் காத்துக் கொள்கிறான். பின்னவன் பிறனைத் தாக்குகிறான். சட்டத்தின் கை பின்னவன் மேல் விழட்டும். இவ்விரண்டையும் குழப்பி, மௌனமாக மாறுபடுகிறவனையும் கலகக்காரனையும் ஒரே விலங்கிற் பூட்டுகிற சர்க்கார், கலகக்காரனுக்கே துணை சேர்க்கின்றது.

நமக்குள்

இறுதியாக ஒன்று கூற வேண்டும், அது கசக்கும். இந்நாடுகளில் தமிழராகிய நாம் சிறுபான்மையோர். நம் மொழியையும் பள்ளியையும் பெரும்பான்மையோர் மதிக்க வேண்டுமென்று கேட்கிறோம், கேட்பது நியாயமே. ஆனால் நாம் பெரும்பான்மையாக இருக்கும் இடமும் உண்டு. நம் லயம், நம் கோயில், நம் சங்கம், நம் வீடு ஆகியவையே அவை. அங்கே நம் நடத்தை என்ன?

திருவிழா வரி தர மனமில்லை என்றவனை ஊரோடு பேசாதிருக்கச் செய்கிறோம் அல்லவா? சாதி பாராமல் மணம் செய்துகொண்ட பெண்ணின் வீட்டில் வாழ்வுக்கும் சாவுக்கும் காலெடுத்து வைப்பதில்லை என்று பெரியவர்கள் கூடித் தீர்மானிப்பதில்லையா? அந்தப் பெரியவர்களிற் பலர் நல்லவர்களே; பிராங்க்பர்ட்டரைப் போல, "ஊர் ஒற்றுமைக்காக" என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

சீர்திருத்தக்காரராகிய நமக்கும் இதிற் பாடம் உண்டு. புரோகிதர் இல்லாமல் மணம் செய்துகொள்ளும் தோழனை ஊரார் இகழ்ந்தால் நாம் துடிக்கிறோம். காவடி எடுக்கும் அண்டை வீட்டுக்காரரை நம் மேடைகளில் இகழும்பொழுது துடிக்கிறோமா? அவர் கருத்தை எதிர்த்து வாதிப்பது நம் உரிமை, கடமையுங்கூட. அவர் பிள்ளையைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரிக்கும்படி விடுவது வாதமாகாது. வாதம் ஒருவனை எதிரே உட்கார வைத்துச் செய்வது. இகழ்ச்சி அவனை வெளியே தள்ளிவிட்டுச் செய்வது. பகுத்தறிவு வெல்ல வேண்டிய இடம் உள்ளம். உள்ளத்தின் கதவு உட்பக்கமாகவே திறக்கும். வெளியே நின்று இடிப்பவனுக்கு அது திறவாது.

எனவே, தோழர்களே, நம் ஊரில் ஜனநாயகம் உண்டா என்று அறிய விரும்பினால், தேர்தல் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் லயத்தில், நம் தெருவில், எல்லோரோடும் ஒத்துப் போகாத அந்த ஒருவன் யார் என்று பாருங்கள். எல்லா ஊரிலும் ஒருவன் இருப்பான். அவன் இரவில் அச்சமின்றித் தூங்குகிறானா? அவன் பிள்ளை பள்ளியில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறதா? அவன் வீட்டில் நோய் வந்தால் கதவைத் தட்டுவார் உண்டா? உண்டென்றால், கொடியும் பிரமாணமும் இல்லாமலே நாம் ஒன்றுபட்டவர்கள். இல்லையென்றால், இன்றே போய் அவன் கதவைத் தட்டுவோம்.